அவைக் குறிப்பில் நின்ற பெயர்

பாக்யலட்சுமி அக்கா ஐந்து வருடம் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அதற்கு முன்னால் பதினான்கு வருடம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து செருப்பின் மேல்பாகம் தைத்தவர். அதே கம்பெனியில், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் நான் இருந்தேன். என் பெயர் ஜான்சன். அவர் ஜெயித்து டெல்லிக்குக் கிளம்பியபோது, "இங்கிலீஷ்ல லெட்டர் எழுதறவன் எனக்கு வேற யாரைத் தெரியும்? வா தம்பி, கூட வந்துடு" என்று என்னையும் உதவியாளராகக் கூட்டிக்கொண்டு போனார். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி நான் பக்கத்தில் இருந்து பார்த்தது. மீதி அவரே சொன்னது.

அவருக்கு சீட்டு கிடைத்ததே ஒரு சண்டையில்தான். கட்சியில் இரண்டு பெரிய மனிதர்கள் தொகுதிக்காக அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் கவிழ்த்துவிடுவார் என்ற நிலை. கடைசி நாளில் மாவட்டச் செயலாளர், அப்போது ஊராட்சித் தலைவராக இருந்த அக்காவின் பெயரை எழுதிக் கொடுத்தார். பெண், தொழிலாளி, சொன்னதைக் கேட்கும், வாயைத் திறக்காது என்று நினைத்தார்கள். முதல் இரண்டு சரி. மற்ற இரண்டிலும் ஏமாந்துபோனார்கள்.

அக்காவின் ஊர் பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆறு என்று பெயர்தான். போர்வெல்லில் வரும் தண்ணீரில் காலையில் வடித்த சோறு மதியத்துக்குள் மஞ்சளாகிப் புளித்துவிடும். குளித்தால் தலைமுடி கயிறு மாதிரி விறைத்துக்கொள்ளும். தென்னை மரத்தில் காய் கைப்பிடி அளவுக்கு மேல் வளராது. குடிக்க வாரத்துக்கு இரண்டு நாள் டேங்கர் லாரி வரும். அக்காவின் கணவர் துரைசாமி, கழிவை விட்டு அந்தத் தண்ணீரைக் கெடுத்த தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தவர். டிரம்மில் தோல் போடுகிற ஆளாகச் சேர்ந்து மேஸ்திரி ஆனவர். அக்கா ஒளிக்காமல் சொல்வார்: "எங்க வீட்டு அரிசியும் தோல் ஷாப்புலேர்ந்துதான் வருது. அதைக் கெடுக்கிற தண்ணியும் அங்கேர்ந்துதான் வருது. நான் யாரைத் திட்றது?"

இதைத்தான் அவர் தன் முதல் பேச்சிலும் சொன்னார். சுற்றுச்சூழல் துறையின் மானியக் கோரிக்கை விவாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சபையில் முப்பது நாற்பது பேர்தான் இருந்தார்கள். எங்கள் கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் கடைசி நான்கு நிமிடம் அக்காவுக்கு. தமிழில் பேசப்போவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து நான் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பையும் கேட்டேன்.

"தோல் தொழிலை மூடச் சொல்ல நான் வரல. அதை மூடினா எங்க ஊர்ல அடுப்பு எரியாது. ஆனா ஒரு கேள்வி. அந்தத் தோலை ஷூவாப் போட்டுக்கிற வெளிநாட்டுக்காரன் தண்ணிக்கு ஒண்ணும் தர்றதில்ல. கவர்மெண்டு கொஞ்சம் தருது. முதலாளி முனகிக்கிட்டே தர்றார். கிணத்துக்காரன் மட்டும் தன் கிணத்தையே தர்றான். அவன்கிட்ட யாரு கேட்டீங்க?"

சோறு புளித்துவிடுகிறது என்று அவர் சொன்னது ஆங்கிலத்தில் 'உணவின் தரம் பாதிக்கப்படுகிறது' என்று என் காதில் விழுந்தது. வெளியே வந்ததும் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்படியா? அடுத்த தடவை நாத்தத்தையும் சேர்த்துச் சொல்றேன்" என்றார்.

பேச்சு ஊருக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு பக்கமும் திட்டினார்கள். விவசாயிகள் சங்கத்தில், மூடச் சொல்லவில்லையே என்று கோபம். ஷாப்புக்காரர்களுக்கு, பேசியதே கோபம். சின்னதாக ஒரு தோல் ஷாப்பு நடத்தும் வக்கார் அகமது மட்டும் நேரில் வந்தார். வயதானவர், மரியாதையானவர்.

"அம்மா, நீங்க பேசினது நியாயம். நான் இல்லேங்கல. ஆனா நீங்க அங்க ஒரு வார்த்தை பேசினா, இங்க எனக்கு ஒரு ஆர்டர் கம்மியாவுது. பெரிய கம்பெனி தாங்கும். நான் நாப்பது பேரை வெச்சுக்கினு எப்டித் தாங்கறது?"

"அதையும் பேசறேன் பாய்."

"பேசுங்க. என் பேரைச் சொல்லாம பேசுங்க."

அக்கா அதையும் பேசினார். சின்ன ஆலைகளின் சுத்திகரிப்புச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். ஷாப்புகளின் கழிவுத் தொட்டிகளில் விஷவாயு பார்க்கும் கருவி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டுக் கேள்வி போட்டார். கேள்விகளைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள். அக்காவின் கேள்வி ஐந்து தடவை வரவில்லை. ஆறாவது தடவை வந்தது. அமைச்சர் எழுந்து, அந்தப் பகுதி ஆலைகளில் இரண்டு வாரத்துக்குள் சிறப்பு ஆய்வு தொடங்கும் என்று சபையில் உறுதி கொடுத்தார். அன்றைக்கு அக்கா சந்தோஷமாக இருந்ததைப் போல அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியபோது பத்து இருபது பேர் சால்வையோடு நின்றார்கள். துரைசாமி அண்ணன் ஓரமாக நின்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

ஆய்வு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும், அண்ணனுக்கு ஷாப்பிலிருந்து போன் வந்தது. சாப்பாட்டை பாதியில் விட்டுப் போனார். மதியம் ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். சட்டை, லுங்கி எல்லாம் கறுப்புச் சேறு. முழங்கை வரைக்கும் தோல் சிவந்திருந்தது. வாசலில் இருந்த சிமெண்டுத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தார். நான் அப்போது கூடத்தில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

"மூணு பேரும் போய்ட்டாங்க" என்றார் அண்ணன்.

"யாரு? எங்க போனாங்க?"

"ஆபிரகாம். பரந்தாமன். சர்தார் பாஷா. கழிவுத் தொட்டியில. சர்தார் முதல்ல எறங்கினான், சத்தமே வரல. அவனைத் தூக்க பரந்தாமன் எறங்கினான். அப்புறம் ஆபிரகாம். நான் கயித்தப் புடிச்சு எறங்கப் போனேன், என்னை இழுத்து மேல போட்டுட்டானுங்க."

"இன்னிக்கு எதுக்கு எறங்கணும்? ஞாயித்துக்கிழமை!"

அண்ணன் கைச் சேற்றை லுங்கியில் துடைத்தார். பிறகு சொன்னார்: "நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்க இல்ல? அதுக்குள்ள தொட்டி காலியா இருக்கணும்னு மேனேஜர் போன் பண்ணாரு. கழிவை உறிஞ்சற மெஷின் வர்ற வரைக்கும் நேரம் இல்லன்னாரு. ஆளை வெச்சு எடுன்னாரு. நான்தான் அவங்கள வீட்டுக்குப் போய்க் கூப்ட்டேன். நான்தான் எறங்கச் சொன்னேன்."

அக்கா தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு அவர் சிவந்த கையில் ஊற்றினார். ஆபீசர்கள் ஏன் வருகிறார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

செத்துப்போன ஆபிரகாமின் மனைவி அன்னம்மாள், ஷூ கம்பெனியில் ஒன்பது வருடம் அக்காவுக்குப் பக்கத்து மிஷினில் இருந்தவர். அக்கா அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் பிணவறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அக்கா போய்க் கையைப் பிடித்தார். அன்னம்மாள் கையை உருவிக்கொண்டார். "உன் வீட்டுக்காரன் வந்து கூப்ட்டான். சர்ச்சுக்குக் கிளம்பிக்கினு இருந்த மனுஷன். வெள்ளைச் சட்டையைக் கழட்டி வெச்சிட்டுப் போனான்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே போலீஸில் எழுதிவிட்டார்கள்: தொட்டியின் ஓரம் நடந்தபோது ஒருவர் கால் இடறி விழுந்தார், காப்பாற்றப் போன இருவரும் விழுந்தார்கள். பார்த்த சாட்சி, மேஸ்திரி துரைசாமி. அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து போட வைத்ததாகப் பிறகு தெரிந்தது.

மாவட்டச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "விபத்துன்னு எழுதியாச்சும்மா. உங்க வீட்டுக்காரருக்கும் நல்லது, கட்சிக்கும் நல்லது. மூணு குடும்பத்துக்கும் கம்பெனி ஏதோ செய்யும். நீங்க ஒரு இரங்கல் அறிக்கை குடுங்க. சபையில இதைக் கிளப்பாதீங்க. கிளப்பினா மொதல்ல உள்ள போறது யாருன்னு யோசிச்சுப் பாருங்க."

திங்கட்கிழமை நாங்கள் டெல்லிக்குக் கிளம்பினோம். அண்ணன் பின்கட்டில் படுத்திருந்தார். அக்கா கதவுவரை போய் நின்றார், உள்ளே போகாமல் திரும்பிவிட்டார்.

புதன்கிழமை, அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ஜிய நேரத்தில் பேச இடம் கிடைத்தது. நான் ஒரு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன். மூன்று தொழிலாளர் மரணம், விசாரணை வேண்டும், இழப்பீடு வேண்டும். அண்ணன் பெயர் அதில் இல்லை. அக்கா அந்தத் தாளை வாங்கி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"தலைவர் அவர்களே, மூன்று பேர் கால் இடறி விழுந்ததாகப் போலீஸ் எழுதியிருக்கிறது. அது பொய். அவர்களை இறங்கச் சொன்னார்கள். சொன்னவர் அந்த ஆலையின் மேஸ்திரி துரைசாமி. அவர் என் கணவர். அவரே என்னிடம் சொன்னார். அவரைச் செய்யச் சொன்னது அந்த ஆலையின் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை அவசரமாகச் செய்யச் சொன்னதற்குக் காரணம், மறுநாள் ஆய்வு. அந்த ஆய்வு இந்தச் சபையில் நான் கேட்ட கேள்வியால் வந்தது. ஆகவே எனக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஆய்வு வரும் தேதியை ஆலைக்கு முன்கூட்டியே சொன்னது யார்? வளர்ச்சி என்று இங்கே தினமும் பேசுகிறோம். அந்தத் தொட்டியின் ஆழம் பன்னிரண்டு அடி. அதற்குள் இறங்க ஒரு ஏணிகூட இல்லை."

பிறகு ஆலையின் பெயரைச் சொன்னார். முதலாளியின் பெயரைச் சொன்னார். மேனேஜரின் பெயரைச் சொன்னார்.

சபையில் சத்தம் எழுந்தது. தலைமை இருக்கையில் இருந்தவர் மணி அடித்தார். இங்கே வந்து பதில் சொல்ல முடியாதவர்கள் மீது, முன்னறிவிப்புக் கொடுக்காமல் குற்றம் சாட்டக்கூடாது, அது அவைக் குறிப்பில் ஏறாது என்றார். மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது. அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மாடத்தில் இருந்த எனக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

மறுநாள் அவைக் குறிப்பை வாங்கிப் படித்தேன். ஆலையின் பெயர் இருந்த இடத்தில் மூன்று புள்ளி. முதலாளியின் பெயருக்கு மூன்று புள்ளி. மேனேஜருக்கும் மூன்று புள்ளி. மேஸ்திரி துரைசாமி என்ற பெயர் மட்டும் தெளிவாக அச்சாகியிருந்தது. அது அவர் மனைவியே சொன்னது, குற்றச்சாட்டில் சேராது என்று அலுவலகத்தில் விளக்கம் சொன்னார்கள். விதிப்படி அது சரிதானாம்.

"இதைத் திருத்த எழுதிக் கேக்கலாமா அக்கா?" என்றேன்.

"எதைத் திருத்தறது? இருக்கிறதும் நெஜம்தானே" என்றார்.

வெள்ளிக்கிழமை அண்ணனைக் கைது செய்தார்கள். பத்திரிகைகளில் அவர் படம் வந்தது. மற்ற யார் படமும் வரவில்லை. வேலூர் பாகாயத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் ஸ்வேதா போன் செய்து, "உங்க பேச்சை எங்க கிளாஸ்ல எல்லாரும் பார்த்தாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பல மாதம் அவள் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வரவில்லை.

வேலூர் மத்தியச் சிறைக்கு அண்ணனைப் பார்க்க அக்காவோடு நானும் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் இளைத்துப் போயிருந்தார். முதலில் மகளைப் பற்றிக் கேட்டார். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

"சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பே."

"இல்ல. நானே போய்ச் சொல்லியிருப்பேன்."

"எப்போ?"

"எப்பவோ. ஒரு நாளு, ரெண்டு நாளு. கையெழுத்துப் போட்டதுலேர்ந்து சோறு எறங்கல எனக்கு. இனிமே நான் இன்னா சொன்னாலும், பொண்டாட்டி சொல்லிக் குடுத்து சொல்றான்னுதான் ஆவும். நான் சொல்ல வேண்டியதை நீ எடுத்துக்கினு போய்ட்டே."

அக்கா அழவில்லை. திரும்பி வரும்போது சிறைக்குப் பக்கத்துத் தொரப்பாடி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றோம். கார் வேண்டாம் என்று அன்றைக்கு அவரே சொல்லியிருந்தார். "அவர் சொன்னதுல தப்பு இருக்குதா ஜான்சன்?" என்று ஒரு தடவை கேட்டார். பஸ் வருகிறதா என்று நான் ரோட்டைப் பார்த்தேன். அதற்குப் பதில் எனக்கு இப்போதும் தெரியாது.

கம்பெனியே அண்ணனுக்கு வக்கீல் வைத்துக் கொடுத்திருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் வெளியே கொண்டுவந்துவிடுவதாகப் பேச்சு. அண்ணன் இரண்டு மாதம் யோசித்தார். பிறகு அந்த வக்கீல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாஜிஸ்திரேட்டிடம் போன் வந்த நேரம் முதல் எல்லாவற்றையும் சொன்னார். போன் பதிவு ஒத்துப்போனது. மேனேஜரையும் வழக்கில் சேர்த்தார்கள். முதலாளி அன்று வெளிநாட்டில் இருந்ததால் அவரைச் சேர்க்கவில்லை.

ஆலையை எட்டு மாதம் பூட்டினார்கள். இருநூறு பேர் வேலையில்லாமல் நின்றார்கள். அதில் பாதிப்பேர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அக்கா தெருவில் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒன்பதாவது மாதம் ஆலை வேறு பெயரில் திறந்தது. அதே தொட்டிதான், சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள்.

ஆய்வு என்ன ஆயிற்று என்று அக்கா நான்கு தடவை கேள்வி போட்டார். நான்கு தடவையும் எழுத்தில் ஒரே பதில் வந்தது: தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும். அக்கா விடவில்லை. நீர் மசோதாவில் பேசினார், தொழிலாளர் பாதுகாப்பு விவாதத்தில் பேசினார், பட்ஜெட்டில் பேசினார். கட்சி அவருக்கு நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. நான்கு நிமிடம் மூன்றானது, இரண்டானது. இரண்டு நிமிடத்திலும் அந்த மூன்று பேரின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அந்தப் பெயர்கள் மட்டும் எப்போதும் குறிப்பில் ஏறின. செத்தவர்கள் பெயரைச் சொல்ல முன்னறிவிப்பு தேவையில்லை.

அவர் பேசியதால் என்ன நடந்தது என்று கேட்டால், ஒரு சுற்றறிக்கை வந்தது. வாயுக் கருவியும் எழுத்து அனுமதியும் இல்லாமல் யாரும் தொட்டியில் இறங்கக்கூடாது என்று துறை எல்லா ஆலைக்கும் அனுப்பியது. வக்கார் அகமது போன் செய்தார். "நான் கருவி வாங்கிட்டேம்மா. பேப்பரைத் தொட்டிகிட்டயே ஒட்டிட்டேன். பக்கத்து ஷாப்புல ஒட்டல. சொல்லிப் பார்த்தேன், சிரிக்கிறானுங்க" என்றார்.

அடுத்த தேர்தலில் அக்காவுக்கு சீட்டு இல்லை. அவரும் கேட்கவில்லை. டெல்லி வீட்டைக் காலி செய்து, காகிதங்களை இரண்டு பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தோம். நான் மறுபடி ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். அக்கா ஊரில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜாமீனில் வந்திருந்த அண்ணன் நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவலுக்குப் போனார். சனிக்கிழமை வீட்டுக்கு வருவார். இருவரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தேவையானதைப் பேசினார்கள். அதற்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை.

தீர்ப்பு போன ஆடியில் வந்தது. துரைசாமிக்கு இரண்டு வருடம். மேனேஜருக்கும் இரண்டு வருடம். மேனேஜருக்கு அப்பீலுக்காக மாலைக்குள் ஜாமீன் கிடைத்தது. அண்ணனின் வக்கீலும் காகிதத்தோடு தயாராக இருந்தார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். "அப்பீல் வேணாம் சார்" என்றார். போலீஸ் வேனில் ஏறுவதற்கு முன் அக்காவைப் பார்த்து, "மழை வந்தா பின்கட்டு ஓடு ஒழுகும். ஆளைக் கூப்ட்டு மாத்திடு" என்றார். அக்கா சரி என்றார்.

வேன் போனபிறகு கோர்ட்டு வாசலில் கூட்டம் கலைந்தது. வேப்பமரத்தடியில் அன்னம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தவர் அவர். அத்தனை நாளில் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பக்கத்தில் வந்தார்.

"ரெண்டு வருஷத்துல உன் புருஷன் வந்துடுவான்" என்றார்.

"வந்துடுவார்" என்றார் அக்கா.

எங்கள் பக்கம் போகும் டவுன் பஸ் அந்த நேரத்துக்கு ஒன்றுதான். அதில்தான் எல்லோரும் ஏறினோம். உட்கார ஒரே ஒரு இடம் இருந்தது. அன்னம்மாள் அதில் உட்கார்ந்தார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பின்னால், ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.